கிருமி ஒன்றா, இரண்டா?

நம் தமிழ் மக்களிடம் நோயைப் பற்றிப் பேசப் புகுந்தால், தோட்டத்திலிருப்பவரானாலும் சரி, பட்டணத்திலிருப்பவரானாலும் சரி, இரண்டே விடைகள்தாம் கிடைக்கின்றன. ஒன்று, “எல்லாம் தலைவிதி” என்பது. மற்றொன்று, “எல்லாம் கிருமி” என்பது. முதல் விடையைச் சொல்பவர் பழமைவாதி என்றும், இரண்டாம் விடையைச் சொல்பவர் அறிவாளி என்றும் நம்மிடையே ஓர் எண்ணம் நிலவி வருகிறது. அவ்வெண்ணம் பிழையானது என்று எடுத்துக் காட்டவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். விதி என்று சொல்லிக் கைகட்டி யிருப்பவனுக்கும், கிருமி என்று சொல்லிக் கையில் அகப்பட்ட மாத்திரையை விழுங்குபவனுக்கும் நாம் பெரிய வேற்றுமை எதையும் காணவில்லை. முன்னவன் ஆராயாமல் சும்மா இருக்கிறான். பின்னவன் ஆராயாமல் காரியம் செய்கிறான். ஆராயாமை இருவர்க்கும் பொது.

கிருமி என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பனவற்றுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று பாக்டீரியா, மற்றொன்று வைரஸ். இவ்விரண்டும் அளவால் வேறு, அமைப்பால் வேறு, பிழைக்கும் வழியால் வேறு; ஆகவே இவற்றை வெல்லும் வழியும் வேறு. இவ்வேற்றுமையை அறியாத காரணத்தால் நம் மக்கள் பணத்தை இழக்கிறார்கள். உடல் நலத்தை இழக்கிறார்கள். இப்போது கையிலிருக்கும் நல்ல மருந்துகளின் வலிமையையும் நாளுக்கு நாள் இழந்து வருகிறார்கள். இதுவே நாம் கூற வந்த செய்தி.

“இது பரீட்சை எழுதும் பிள்ளைகளும் வைத்தியர்களும் அறிய வேண்டிய விஷயமல்லவா? மரம் வெட்டுகிறவனுக்கும் மாவு விற்கிறவனுக்கும் இதனால் என்ன பயன்?” என்று சிலர் கேட்கக்கூடும். அவ்வாறு கேட்பவர், சளி பிடித்தவுடன் நம்மவர் வைத்தியரிடம் சென்று என்ன பேசுகிறார்கள் என்பதைச் சற்றுக் கவனித்துப் பார்க்கட்டும். “என்ன நோய்?” என்று கேட்பவர் அரியர். “ஐயா, நல்ல பலமான மருந்தாகக் கொடுங்கள், ஆண்டிபயாட்டிக் கொடுங்கள்” என்று கேட்பவரே பலர். கொடாத வைத்தியர் கெட்டிக்காரரல்லர் என்று அடுத்த முறை வேறொருவரைத் தேடிப் போகிறார்கள். சிங்கப்பூரில் இம்மருந்தை வைத்தியரின் சீட்டின்றி வாங்க முடியாது என்பதனால், ஊருக்குப் போய் வரும் நண்பரிடம் சொல்லி அங்குள்ள மருந்துக் கடையிலிருந்து பட்டை பட்டையாகத் தருவித்துப் பெட்டியில் வைத்துக்கொள்வாரும் உளர். தலைவலி வந்தால் ஒன்று, தொண்டை கரகரத்தால் இரண்டு. மிச்சம் இருந்தால் அடுத்த கட்டிலில் படுத்திருப்பவனுக்குத் தானம். இப்படிப்பட்ட தர்மத்தை எந்த நூலும் புகழ்ந்திருக்காது.

இனி, இவ்விரண்டும் யாவை என்று பார்ப்போம்.

பாக்டீரியா என்பது தனித்து வாழ வல்ல ஓர் உயிர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் அக்கூறு ஒன்றே பெரும்பாலும் அதன் அளவாகும். இவ்வளவு சிறியதாயினும் அது சொந்தக் குடித்தனம் நடத்துகிறது. தனக்கென்று ஒரு சுவர் கட்டிக்கொண்டிருக்கிறது, தானே உண்கிறது, தானே இரண்டாகப் பிரிந்து பெருகுகிறது. 1676-ஆம் ஆண்டிலேயே ஹாலந்து தேசத்துத் துணி வியாபாரியான லீவன்ஹோக் என்பார், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையின் வழியாக இதனைக் கண்டார். காசம், குஷ்டம், வாந்திபேதி, டைபாய்டு, தொண்டை அடைப்பான் ஆகிய இவையெல்லாம் பாக்டீரியாவினால் வருவன.

வைரஸ் என்பதோ குடித்தனமில்லாதது. அதற்கு வீடில்லை, அடுப்பில்லை, உணவும் வேண்டியதில்லை. பெரும்பாலான பாக்டீரியாவைவிடப் பன்மடங்கு சிறியது. ஒரு புரத உறைக்குள் மடித்து வைத்த ஓலை என்று அதனைச் சொல்லலாம். அவ்வோலையில் எழுதியிருப்பது, “என்னைப்போல் பல செய்க” என்னும் ஒரே கட்டளை. வெளியே கிடக்கும்போது அது பிணத்திற்கு ஒப்பானது. நம் உடம்பின் உயிரணு ஒன்றுக்குள் புகுந்துவிட்டாலோ, அவ்வணுவின் கருவிகளைக் கொண்டே தன்னைப் படியெடுக்கச் செய்கிறது. அச்சுக்கூடத்திற்குள் கள்ளத்தனமாக நுழைந்த ஒரு தாள், அங்குள்ள மையையும் காகிதத்தையும் ஆட்களையும் கொண்டே தன்னை ஆயிரக்கணக்கில் அச்சடிக்கச் செய்வதைப் போன்றது அது. 1892-இல் ருஷ்யாவில் இவானோவ்ஸ்கி என்பவர், நோயுற்ற புகையிலைச் செடியின் சாற்றைப் பாக்டீரியா நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்துப் பார்த்தார். வடித்த சாறும் நோய் தந்தது. 1898-இல் பெய்யரிங்க் என்னும் ஹாலந்துக்காரர் அப்பொருளை வைரஸ் என்று அழைத்தார். அதன் உருவத்தைக் கண்ணால் காண்பதற்கோ 1930-களின் இறுதியில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின்னரே முடிந்தது. பெரியம்மை, தட்டம்மை, இளம்பிள்ளைவாதம், டெங்கு, இன்புளுயன்சா, சாதாரண ஜலதோஷம், கொவிட் ஆகிய இவை வைரசினால் வருவன.

தோட்டத்து வாசகர்கள் மலேரியாவைப் பற்றி வினவக்கூடும். அது இவ்விரண்டிலும் சேராதது. கொசுவின் வழியாக வரும் மூன்றாம் வகை ஒட்டுண்ணி அது. முற்காலத்தில் லயங்களில் வந்த நோய் பலவற்றையும் “காய்ச்சல்” என்ற ஒரே பெயரில் அடக்கி, ஒரே கொயினா நீரை ஊற்றினார்கள். மலேரியாவுக்கு அது மருந்து. டைபாய்டுக்கு அது வெறுங்கசப்பு. அன்றைய கொயினாவின் இடத்தை இன்றைக்கு ஆண்டிபயாட்டிக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பெனிசிலின் முதலிய ஆண்டிபயாட்டிக்குகள் ஒன்றைக் கொன்று மற்றொன்றை ஏன் விட்டுவிடுகின்றன என்று கேட்டால், விடை எளிது. பெனிசிலின், பாக்டீரியா தன் சுவரைக் கட்டவொட்டாமல் தடுக்கிறது. சுவர் இடிந்தவுடன் பாக்டீரியா மடிகிறது. மனித அணுவுக்கு அத்தகைய சுவர் இல்லாமையால் நமக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. வேறு சில மருந்துகள் பாக்டீரியாவின் உட்கருவிகளைக் கெடுக்கின்றன. வைரசுக்கோ சுவருமில்லை, கருவியுமில்லை. இல்லாத சுவரை எந்த மருந்து இடிக்கும்? வெறுங்கையோடு வந்த திருடனைப் பிடிக்க அவன் வீட்டைக் கொளுத்தப் புறப்பட்டவன் கதைதான். வைரசுகளுள் சிலவற்றுக்குத் தனி மருந்துகள் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது உண்மையே. எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கவும், ஈரலைத் தின்னும் ஹெப்படைடிஸ் சி-யைக் குணப்படுத்தவும் இன்று மருந்துண்டு. ஆனால் அவை ஒவ்வொன்றும் குறிப்பிட்ட வைரசுக்கென்றே ஆனவை. நம்மவர் பெட்டியில் பதுக்கி வைத்திருக்கும் மாத்திரை அவற்றுள் ஒன்றன்று.

நிற்க. நோயின் காரணத்தைப் பிழைபட உணர்ந்தால் விளையும் கேடு எத்தகையது என்பதற்குச் சரித்திரத்திலேயே சான்றுண்டு. 1892-இல் பைஃபர் என்னும் ஜெர்மானிய அறிஞர், இன்புளுயன்சாவுக்குக் காரணம் தாம் கண்ட ஒரு பாக்டீரியாவே என்று கூறினார். உலகம் அதனை நம்பிற்று. 1918-இல் அந்நோய் உலகைச் சூழ்ந்தபோது பலரும் அப்பாக்டீரியாவுக்கு எதிராகவே தடுப்பு மருந்து செய்து கொண்டிருந்தார்கள். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலும் நம் தொழிலாளர் குடும்பங்களை அது கடுமையாகத் தாக்கிற்று. உண்மைக் காரணம் ஒரு வைரஸ் என்பது 1933-இல்தான் உறுதியாயிற்று. பைஃபர் கண்ட பாக்டீரியாவோ, தான் செய்யாத குற்றத்தின் பெயரை இன்றளவும் சுமந்துகொண்டு ‘ஹீமோபிலஸ் இன்புளுயன்சே’ என்றே வழங்குகிறது. மற்றொன்றும் இங்கே கவனிக்கத் தக்கது. 1918-இல் இறந்தவருள் மிகப் பலர், வைரஸ் நுரையீரலைப் புண்ணாக்கிய பின் உட்புகுந்த பாக்டீரியாவால் வந்த கபவாத சுரத்தினாலேயே இறந்தார்கள் என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. முன்னது கதவை உடைத்தது. பின்னது உள்ளே புகுந்து கொள்ளையடித்தது. ஆகவே வைரஸ் நோயில் ஆண்டிபயாட்டிக் எக்காலத்தும் வேண்டாவென்று நாம் சொல்லவில்லை. பாக்டீரியா பின்தொடர்ந்து வந்ததா என்பதை நோய்க்குறிகளாலும் சோதனையாலும் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். நோயாளியின் பிடிவாதம் அதைத் தீர்மானிக்கலாகாது என்பதே நம் கட்சி.

நம் காலத்திலும் இத்தகைய பிழை நேர்ந்ததுண்டு. 1998-ஆம் ஆண்டின் இறுதியில் பேராக்கிலும், பின்னர் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைகளைச் சேர்ந்தவர்கள் மூளைக் காய்ச்சலால் மடியத் தொடங்கினார்கள். கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று எண்ணிப் புகை அடித்தார்கள். அதற்குரிய ஊசியும் போட்டார்கள். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங் வேறொரு புதிய வைரசைக் கண்டுபிடித்தார். கொசுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பன்றிகளிடமிருந்தே அது மனிதர்க்கு வந்தது. அதன் பின்னரே வழி சரியாயிற்று. அதற்குள் மலேசியாவில் 105 பேர் மாண்டனர். சிங்கப்பூரிலும் இறைச்சிக் கொட்டகைத் தொழிலாளர் 11 பேர் நோயுற்று ஒருவர் இறந்தார். கண்டெடுத்த கிராமத்தின் பெயரால் அவ்வைரசுக்கு நிபா என்று பெயர் வந்தது. அங்கே குழம்பியவை இரண்டும் வைரசுகளே. ஒரு வைரசை மற்றொரு வைரசாக மயங்கியதற்கே இத்துணைக் கேடு என்றால், வைரசைப் பாக்டீரியாவாக மயங்குவதன் கேட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி, அம்மையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் முன்னோர் பெரியம்மையைத் தெய்வத்தின் சீற்றமென்று கருதினார்கள். வேப்பிலை செருகி, அயலாரை வீட்டுக்குள் விடாது தடுத்தார்கள். அயலாரை விடாத வழக்கம் அறிந்தோ அறியாமலோ நல்லதாயிற்று. ஆனால் ஊசி குத்த வந்தவரைக் கண்டு பிள்ளைகளை ஒளித்து வைத்த வழக்கமோ எத்தனையோ உயிர்களையும் கண்களையும் கொண்டுபோயிற்று. 1796-இல் ஜென்னர் கண்ட முறையைக் கொண்டு உலகெங்கும் ஊசி குத்தியதன் பயனாக, 1980-இல் பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார மன்றம் அறிவித்தது. கோவில்கள் முன்னும் இருந்தன, பின்னும் இருக்கின்றன, நோய்தான் இல்லை. நாம் யாருடைய பக்தியையும் பழிக்க வரவில்லை. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மனை வணங்குவோர் வணங்கட்டும். நாம் பழிப்பது, தம்மைப் படித்தவரென்று சொல்லிக்கொண்டு, பாட்டியின் வேப்பிலையைக் கண்டு நகைத்துவிட்டு, சின்னம்மை கண்ட பிள்ளைக்கு ஆண்டிபயாட்டிக் வேண்டுமென்று வைத்தியரோடு வாதாடும் கனவான்களையே. வைரசைக் கொல்வதில் வேப்பிலையும் இம்மாத்திரையும் ஒரே வரிசையில் நிற்பவை. வேப்பிலைக்காவது விலையில்லை, வயிற்றுப்போக்கும் தராது.

நம் மொழிப் புலவர்களையும் இவ்விடத்தில் விட்டுவிட மனமில்லை. வைரசுக்கு ‘நச்சுயிரி’ என்பதா, ‘தீநுண்மி’ என்பதா என்று வழக்காடுகிறார்கள். பெயர் சூட்டுவது நல்ல வேலைதான். ஆனால் அப்பெயர்கள் அகராதியில் தங்கிவிட, அறிவிப்புப் பலகையிலும் செய்தியிலும் மேடையிலும் ‘கிருமி’, ‘கிருமித்தொற்று’ என்னும் பொதுச் சொல்லே உலவுகிறது. அதைப் படிக்கும் தொழிலாளி, கிருமிக்கு ஆண்டிபயாட்டிக் மருந்து என்று அறிந்திருக்கிறான். ஆகவே இக்கிருமிக்கும் அதுவே மருந்து என்று முடிவு செய்கிறான். அவனுடைய தர்க்கத்தில் பிழையில்லை. நாம் அவனுக்குக் கொடுத்த சொல்லில்தான் பிழை. திருக்குறளில் மருந்துக்கென்று ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார் வள்ளுவர். அதனை மேடையில் முழங்குகிறோம். மருந்து வாங்கப் போகும் இடத்தில் மறந்துவிடுகிறோம்.

இவ்வேற்றுமை ஏட்டளவில் நிற்பதன்று என்பதை நம் சிங்கப்பூர் நகரமே அடுத்தடுத்த ஆண்டுகளில் காட்டியிருக்கிறது. 2008 ஜனவரியில் லிட்டில் இந்தியாவின் கிளைவ் தெருவில், இந்நாட்டிலேயே முதன்முறையாகச் சிக்குன்குனியா உள்ளூரில் பரவி 13 பேரைப் பிடித்தது. அது வைரஸ், ஏடிஸ் கொசுவினால் வருவது. அதற்கு நோயை முறிக்கும் மருந்தில்லை. வாளியிலும் பூந்தொட்டியிலும் கூரைத் தகரத்திலும் தேங்கிய நீரைக் கொட்டுவதே அதற்கு மருந்து. மறு ஆண்டு, 2009 ஏப்ரலில், கேலாங் சிராய்த் தற்காலிகச் சந்தையில் ரோஜாக் உண்டவர்களுள் 154 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். அது பாக்டீரியா, பச்சைக் கடல் உணவிலிருந்து சமைத்த உணவுக்குத் தாவியது. அதற்குப் பரிகாரம் கத்தியும் பலகையும் கையும் சுத்தமாயிருத்தலும், பச்சையையும் சமைத்ததையும் பிரித்து வைத்தலும். கொசுவை அழித்தால் ரோஜாக் நோய் போகாது; கத்தியைக் கழுவினால் சிக்குன்குனியா போகாது. “எல்லாம் கிருமி” என்பவர் இவ்விரண்டில் எதைச் செய்வார்? இரண்டையும் செய்யாமல் மாத்திரை தேடிப் போவார்.

வைரசைப் பற்றி அறிய வேண்டிய தலையாய உண்மை, அது வந்த பின் செய்யக்கூடியது குறைவு. வருமுன் செய்யக்கூடியதே மிகுதி என்பது. 2003-இல் சார்ஸ் என்னும் நோய் வந்தபோது சிங்கப்பூரில் 238 பேர் நோயுற்று 33 பேர் இறந்தார்கள். அதற்கு மருந்துமில்லை, ஊசியுமில்லை. டான் டோக் செங் மருத்துவமனையை அந்நோய்க்கென்றே ஒதுக்கி, நோயாளிகளைத் தனிமைப்படுத்தி, அவரோடு பழகியவரைத் தேடிப் பிடித்து வீட்டிலிருத்தி, மூன்று மாதத்திற்குள் அந்நோயை நிறுத்தினார்கள். வைரசை அன்று வென்றவை இடைவெளியும், ஒழுங்கும், தம் உயிரைப் பொருட்படுத்தாத தாதியர் வைத்தியரின் உழைப்புமே.

2020-இலோ கதை வேறு விதமாயிற்று. அவ்வாண்டு ஜனவரி 23-ஆம் நாள் இந்நாட்டில் முதல் கொவிட் நோயாளி கண்டறியப்பட்டார். ஏப்ரல் 5-ஆம் நாள் பொங்கோலிலும் தோ குவானிலும் உள்ள இரு பெருந்தொழிலாளர் விடுதிகள் அடைக்கப்பட்டன. பிறகு நிகழ்ந்ததை யாவரும் அறிவர். விடுதிகளில் இருந்த மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளருள் நூற்றுக்கு 47 பேர் அந்நோய்க்கு ஆட்பட்டிருந்தனர் என்று அவ்வாண்டு டிசம்பரில் அரசாங்கமே கணக்குத் தந்தது. அவர்களுள் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர். பெரும்பாலோர் இளைஞராயிருந்தமையால் சாவு மிகக் குறைவாயிற்று என்பது ஓர் ஆறுதல். ஆனால் நகரத்தில் அரிதாகவும் விடுதியில் பெருகியும் அந்நோய் வந்தது ஏன்? வைரசுக்கு ஜாதியுமில்லை, சம்பள வித்தியாசமும் தெரியாது. அறைக்குத்தான் அவ்வித்தியாசம் தெரியும். பன்னிரண்டு பேரும் பதினாறு பேரும் மாடிக் கட்டிலில் படுத்து, ஒரே குளியலறையையும் ஒரே சமையற்கட்டையும் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், ஒருவன் மூச்சு மற்றொருவன் மூச்சாகிறது. பாக்டீரியா நோயானால், பின்னர் மருந்தாவது கொடுத்துச் சமாளிக்கலாம் என்று முதலாளி எண்ணக்கூடும், அதுவும் நீதியன்று. வைரசுக்கோ அந்தச் சாக்கும் இல்லை. காற்றும் இடமும் தடுப்பூசியுமே அதற்கு முதல் மருந்து. தொழிலாளிக்கு இடம் கொடாதவர், அவனுக்கு மருந்து கொடாதவரே ஆவர். 2021-இல் புதிய விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாதென்று அரசாங்கம் விதித்தது. இவ்விதி நோய் வந்த பின்னர் வந்ததேயன்றி முன்னர் வரவில்லை என்பதை மறக்கலாகாது.

தொழிலாளி ஏன் பலமான மருந்து கேட்கிறான் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது வெறும் அறியாமையன்று. ஜலதோஷம் தானே தீர ஒரு வாரமாகும் என்று வைத்தியர் சொன்னால், அந்த ஒரு வாரத்தை அவனுக்குக் கொடுப்பவர் யார்? மூன்று மாதம் வேலை பார்த்தவனுக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்புக் கொடுக்க வேண்டுமென்று இந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. ஆயினும் எம்.சி. எடுத்தால் மேஸ்திரி முகம் சுளிப்பார், ஓவர்டைம் போய்விடும், ஊருக்கு அனுப்பும் பணம் குறையும், வேலைக்கு வாங்கிய கடன் நிற்கும் என்னும் அச்சம் அவனைப் பிடித்தாட்டுகிறது. ஆகவே ஒரு வாரத்து ஓய்வை ஒரு மாத்திரையில் வாங்கப் பார்க்கிறான். அம்மாத்திரை அவ்வோய்வைத் தராது. நோயோடு அவன் வேலைக்குப் போகிறான். நோயும் அவனோடு வேலைக்குப் போகிறது. தொழிலாளியின் அறியாமையைக் கண்டிக்கும் கனவான்கள், அவ்வறியாமையால் இலாபம் அடைபவர்களையும் சேர்த்துக் கண்டிப்பார்களாக.

“வீணாகச் சாப்பிட்டாலும் கெடுதல் என்ன?” என்பார் உளர். கெடுதல் பெரிது. 1928-இல் பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் நோபெல் பரிசு பெற்ற மேடையிலேயே, குறைந்த அளவில் இம்மருந்தைத் தின்றால் பாக்டீரியா அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். அவர் சொன்னதே நடந்தது. மருந்துக்குத் தப்பிய பாக்டீரியா பெருகுகிறது. அதன் சந்ததிக்கு அம்மருந்து செல்வதில்லை. 2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவே நேர்க்காரணமாக உலகில் ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கின்றனர். இதனைத் தடுக்கவே சிங்கப்பூர் 2017-இல் தேசியத் திட்டமொன்றை வகுத்தது. வேண்டாத இடத்தில் விழுங்குவது ஒரு தவறு. வேண்டிய இடத்தில் பாதியில் நிறுத்துவது மற்றொரு தவறு. காச நோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மருந்துண்ண வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றவுடன் மருந்தை எறிந்துவிடுகிறவன், தன் நுரையீரலில் பழகிய பாக்டீரியாவை வளர்த்து, அதனைத் தன் மனைவி மக்களுக்கும் அறைத் தோழனுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறான்.

இதுகாறும் கூறியதனால் பாக்டீரியா அனைத்தும் பகை என்று கொள்ளற்க. தேக்காச் சந்தையில் விற்கும் இட்லி மாவு புளிப்பதும், பால் தயிராவதும் பாக்டீரியாவின் உபகாரமே. நம் குடலில் கோடானுகோடி நல்ல பாக்டீரியா குடியிருந்து செரிமானத்திற்குத் துணை செய்கின்றன. வீண் மாத்திரை முதலில் அழிப்பது இந்த நண்பர்களை. இன்னொரு விந்தையுமுண்டு. டெங்கு என்னும் வைரஸ் நோய் 2020-இல் சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் வந்தது. அதனைப் பரப்பும் கொசுவை ஒழிக்க இந்நாட்டார் 2016 முதல் ஒரு பாக்டீரியாவையே துணைக்கு அழைத்திருக்கிறார்கள். வோல்பாக்கியா என்னும் அப்பாக்டீரியாவை ஏற்றிய ஆண் கொசுக்களைப் பறக்க விடுகிறார்கள். அவற்றோடு கூடிய காட்டுப் பெண் கொசுவின் முட்டை பொரிப்பதில்லை. ஆண் கொசு கடிப்பதுமில்லை. பாக்டீரியாவைக் கொண்டு வைரசின் வாகனத்தை முறிக்கும் இவ்வுபாயம், இரண்டும் ஒன்றென்று எண்ணியிருந்தவர்க்கு ஒருநாளும் தோன்றியிராது.

வயிற்றுப் புண்ணின் கதையும் இத்தகையதே. மிளகாயும் கவலையுமே அதற்குக் காரணமென்று நம் வீட்டாரும் வைத்தியரும் பன்னெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஆஸ்திரேலியாவில் மார்ஷல் என்பார் 1984-இல் ஒரு பாக்டீரியாவைத் தாமே குடித்து நோயை வருவித்துக் காட்டினார். அவரும் வாரன் என்பாரும் 2005-இல் நோபெல் பரிசு பெற்றனர். காரணம் பாக்டீரியா என்று தெரிந்தவுடன், ஆயுள் முழுதும் நீடித்த நோய் சில வார ஆண்டிபயாட்டிக்கில் தீர்வதாயிற்று. இம்மருந்துக்கு நாம் விரோதிகளல்லேம் என்பதற்கு இதுவே சாட்சி. உரிய இடத்தில் அது அமுதம். ஆகையால்தான் அதனை வீணாக்குவதைக் கண்டு மனம் கொதிக்கிறது.

கடைசியாக, ஊசிக்கு அஞ்சுவோர்க்கு ஒரு சொல். தடுப்பூசி ஒன்றுதான் இவ்விரு பகைவர்க்கும் பொதுவான கேடயம். சிங்கப்பூரில் பிள்ளைகளுக்குச் சட்டப்படி கட்டாயமாகப் போட வேண்டியவை தொண்டை அடைப்பானுக்கும் தட்டம்மைக்கும் உரிய ஊசிகள். முன்னது பாக்டீரியா, பின்னது வைரஸ். வந்த நோயைத் துரத்துவதில் வேறுபடும் இரண்டும், வருமுன் தடுப்பதில் ஒன்றுபடுகின்றன. இவ்வூசியைக் கண்டு ஒளிபவரும், சளிக்கு ஆண்டிபயாட்டிக் கேட்பவரும் பல சமயங்களில் ஒரே ஆளாயிருப்பதுதான் நம் சமூகத்தின் விந்தை. பயன் தருவதற்கு அஞ்சுகிறார்; பயன் தராததற்குக் கை நீட்டுகிறார்.

ஆகவே தமிழ் மக்கள் இனி வைத்தியரிடம் செல்லும்போது, “பலமான மருந்து கொடுங்கள்” என்னும் பழைய பல்லவியை விட்டு, “ஐயா, இது வைரஸா, பாக்டீரியாவா?” என்று கேட்கக் கற்றுக்கொள்வார்களாக. வைரஸ் என்றால், ஓய்வும் நீரும் விடுப்புச் சீட்டும் கேட்டு வாங்கி, பிறர்க்குக் கொடாமல் ஒதுங்கியிருந்து, மூச்சுத் திணறலோ நீங்காத காய்ச்சலோ கண்டால் தாமதியாமல் மீண்டும் வைத்தியரைக் காண்பார்களாக. பாக்டீரியா என்றால், கொடுத்த மருந்தைச் சொன்ன நாள்வரை உண்டு, மிச்சம் வைக்காமலும் பங்கிடாமலும் முடிப்பார்களாக. ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் சங்கத்தாரும் ‘கிருமி’ என்று எழுதும் இடத்திலெல்லாம், எது என்று பெயர் சொல்லி எழுதுவார்களாக. முதலாளிமார் தொழிலாளிக்கு ஒரு சன்னலும், நோயுற்ற நாளில் ஒரு வார ஓய்வும் மனமொப்பிக் கொடுப்பார்களாக. சட்டம் கொடுத்த விடுப்பைக் கொடாதவரை, தொழிலாளி தனித்து நின்று அஞ்சாமல், சங்கமாகச் சேர்ந்து கேட்பானாக.

கேள்வி கேட்பதற்குப் பட்டம் வேண்டுவதில்லை, பணமும் வேண்டுவதில்லை. விதி என்று சொல்லித் தலை குனிந்த தலைமுறை போயிற்று. கிருமி என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்ளும் இத்தலைமுறையும் கண்ணைத் திறக்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.